டென்மார்க் கடற்கரையிலிருந்து எழுந்து வந்து கோப்பை வெல்லவில்லை

கேள்வி இதுதான்: "1992 யூரோ கால்பந்துக் கோப்பைக்கு டென்மார்க் தகுதியே பெறவில்லை. விடுமுறையில் கடற்கரையில் படுத்திருந்த வீரர்களைக் கூப்பிட்டு, பத்து நாளில் ஓர் அணியைத் திரட்டிக்கொண்டு போய்க் கோப்பையை வென்றுவிட்டார்கள் என்று சொல்கிறார்களே. இதில் எவ்வளவு உண்மை? அது எப்படி முடிந்தது?"

தகுதி பெறவில்லை என்பது உண்மை. பத்து நாள் என்பதும் ஏறக்குறைய உண்மை. கடற்கரைதான் கதை. அந்தக் கதை கேட்க நன்றாக இருப்பதால் முப்பது வருடங்களுக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அதை நம்பினால் அந்த அணி யார், அவர்கள் ஏன் வென்றார்கள் என்பது புரியாமலே போய்விடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இப்போது யூரோவில் 24 அணிகள் ஆடுகின்றன. அன்றைக்கு 8 அணிகள்தான். போட்டியை நடத்தும் நாடு என்பதால் ஸ்வீடனுக்கு நேரடி இடம். மீதி 7 இடங்களுக்கு ஐரோப்பா முழுவதும் மோதியது. தகுதிச்சுற்றில் ஒவ்வொரு பிரிவிலும் முதலிடம் பிடிக்கும் அணி மட்டுமே உள்ளே போகும். இரண்டாம் இடத்துக்கு ஒன்றும் கிடையாது, பிளே-ஆஃப் என்ற பேச்சே இல்லை. டென்மார்க் இருந்த பிரிவில் யூகோஸ்லாவியா, வடக்கு அயர்லாந்து, ஆஸ்திரியா, ஃபாரோ தீவுகள். (ஃபாரோ தீவுகள் தங்கள் முதல் தகுதிச்சுற்று ஆட்டத்திலேயே ஆஸ்திரியாவை 1-0 என்று வீழ்த்தியது இந்தப் பிரிவில்தான். அதுவே தனியாக எழுத வேண்டிய கதை.) வெற்றிக்கு 2 புள்ளி என்றிருந்த காலம் அது. 8 ஆட்டங்கள் முடிந்தபோது யூகோஸ்லாவியா 14 புள்ளி, டென்மார்க் 13. ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். அந்தச் சுற்றில் யூகோஸ்லாவியா தோற்றது ஒரே ஓர் ஆட்டத்தில், அதுவும் தன் சொந்த ஊரான பெல்கிரேடில். தோற்கடித்த அணி டென்மார்க்.

கடற்கரைக் கதையைச் சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை. டென்மார்க் எங்கோ மூலையில் கிடந்த அணி இல்லை. ஐரோப்பாவின் மிகத் திறமையான அணிகளில் ஒன்றுக்கு ஒரு புள்ளி பின்னால் நின்ற அணி.

அந்த யூகோஸ்லாவியா எப்படிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1991-இல் பெல்கிரேடின் ரெட் ஸ்டார் அணி ஐரோப்பிய சாம்பியன் கிளப் கோப்பையை வென்றிருந்தது. டார்கோ பான்சேவ் அந்தத் தகுதிச்சுற்றில் மட்டும் 10 கோல் அடித்தார். சாவிச்செவிச், புரோசினெச்கி, போபன், ஷூகர் என்று ஒரே தலைமுறையில் அத்தனை பேர். ஆனால் நாடு உடைந்துகொண்டிருந்தது. 1991-இல் குரோஷியா பிரிந்தது, குரோஷிய வீரர்கள் விலகினார்கள். 1992 ஏப்ரலில் போஸ்னியாவின் சரயேவோ நகரம் முற்றுகைக்குள் சிக்கியது. அணியின் பயிற்சியாளர் இவிச்சா ஓசிம் அந்த ஊரில் பிறந்தவர். அவருடைய குடும்பம் அப்போது அங்கேதான் இருந்தது. மே மாதத்தில் அவர் பதவியை விட்டு விலகினார். தன் ஊருக்காகத் தன்னால் செய்ய முடிந்தது இது ஒன்றுதான் என்ற பொருளில் அவர் அன்று சொன்னதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

மே 30 அன்று ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை, போஸ்னியப் போரை முன்னிட்டு யூகோஸ்லாவியாவுக்கு எதிராக 757-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. வணிகத் தடை, விமானத் தடை ஆகியவற்றோடு விளையாட்டுத் தடையும் அதில் இருந்தது. யூகோஸ்லாவிய அணி அதற்குள் ஸ்வீடனுக்கே வந்து சேர்ந்திருந்தது. அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டார்கள். பிரிவில் இரண்டாம் இடத்தில் இருந்த டென்மார்க்குக்கு அழைப்பு போனது. போட்டித்தொடர் ஜூன் 10-இல் தொடக்கம், டென்மார்க்கின் முதல் ஆட்டம் ஜூன் 11.

சரி, கடற்கரைக்கு வருவோம். சிலர் விடுமுறைத் திட்டத்தோடு இருந்தார்கள் என்பது இயல்புதான், கிளப் பருவம் முடிகிற நேரம் அது. ஆனால் அணியே கலைந்து ஐரோப்பாவின் கடற்கரைகளில் சிதறிக் கிடந்தது என்பது சரியில்லை. பழைய சோவியத் யூனியனின் வீரர்களைக் கொண்டு சிஐஎஸ் என்ற பெயரில் ஆடிய அணியோடு ஜூன் தொடக்கத்தில் டென்மார்க்குக்கு ஒரு நட்பு ஆட்டம் முன்பே குறிக்கப்பட்டிருந்தது. அந்த ஆட்டம் 1-1 என முடிந்தது. யூரோவுக்கு வரும் அணிக்கு எதிரான பயிற்சி ஆட்டம் என்றால் வீரர்கள் எப்படியும் கூடித்தானே ஆக வேண்டும்? யூகோஸ்லாவியாவின் நிலைமையும் யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை, செய்தித்தாள் படிக்கிற எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஒன்று மட்டும் உண்மை. பயிற்சியாளர் ரிச்சர்ட் மோலர் நீல்சன் அந்தக் கோடையில் வீட்டில் புதுச் சமையலறை அமைக்கத் திட்டமிட்டிருந்தார். அதை அவரே பிறகு சொன்னார்.

இந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் கோப்பையில் அவருடைய பங்கை டென்மார்க்கே நெடுநாள் ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு முன்னால் பயிற்சியாளராக இருந்தவர் ஜெர்மானியரான செப் பியோன்டெக். அவர் உருவாக்கிய 1980-களின் டென்மார்க் அணி ஓர் அழகு. 1984 யூரோவில் அரையிறுதி வரை வந்து பெனால்டியில் ஸ்பெயினிடம் தோற்றது. 1986 உலகக் கோப்பையில் உருகுவேயை 6-1 என்று நொறுக்கியது, மேற்கு ஜெர்மனியை 2-0 என்று வென்றது, அடுத்த சுற்றில் அதே ஸ்பெயினிடம் 5-1 என்று சரிந்தது. தாக்கி ஆடுவதுதான் அவர்கள் மந்திரம். உலகமே அவர்களை விரும்பியது, கோப்பை மட்டும் வரவில்லை.

1990-இல் பொறுப்பேற்ற மோலர் நீல்சன் அவருக்கு நேர் எதிர். முதலில் கோல் விடாதே, அப்புறம் அடி என்பது அவர் கணக்கு. டென்மார்க் கால்பந்துச் சங்கம் முதலில் தேடியதும் அவரை இல்லை. வேறொரு ஜெர்மானியப் பயிற்சியாளரைக் கேட்டார்கள், அவருடைய கிளப் விடாததால்தான் இவர் வந்தார். 1990 நவம்பரில் கோபன்ஹேகனில் யூகோஸ்லாவியாவிடம் 2-0 என்று தோற்றதும் அன்றைய டென்மார்க்கின் தலைசிறந்த வீரரான மைக்கேல் லாட்ரப் தேசிய அணியை விட்டு விலகினார். தம்பி பிரையனும் விலகினார். பிரையன் பிறகு திரும்பி வந்தார், மைக்கேல் அந்த யூரோவுக்கு வரவில்லை. 1992 மே மாதம் பார்சிலோனாவோடு ஐரோப்பிய சாம்பியன் கோப்பையை வென்ற மைக்கேல், தன் நாடு கோப்பை வென்றபோது களத்தில் இல்லை.

அந்த ஆட்டமுறைதான் மைக்கேலை விரட்டியது என்பதால் மோலர் நீல்சன் மீது நாட்டில் நல்ல அபிப்பிராயம் இல்லை. எனக்கும் பியோன்டெக்கின் அணிதான் கண்ணுக்கு இனிமை. ஆனால் தயாராகப் பத்தே நாள் கிடைக்கிறபோது எந்த ஆட்டமுறை உதவும் என்று கேட்டால், பதில் மோலர் நீல்சனுடையதுதான். தாக்குதலில் ஒருவரையொருவர் புரிந்து ஆட மாதங்கள் வேண்டும். தற்காப்பில் ஒழுங்காக நிற்பதை, முன்பே சேர்ந்து ஆடிப் பழகியவர்கள் சில நாளில் நினைவுக்குக் கொண்டுவந்துவிடலாம்.

அவர்கள் முன்பே சேர்ந்து ஆடியவர்கள்தான். இதைத்தான் நான் மிக முக்கியமானதாக நினைக்கிறேன். கோபன்ஹேகனின் புறநகரில் புரோண்ட்பி என்று ஒரு கிளப். 1990-91 பருவத்தில் யுஇஎஃப்ஏ கோப்பை என்ற ஐரோப்பிய கிளப் போட்டியில் அது அரையிறுதி வரை போனது. வழியில் ஐன்ட்ராக்ட் பிராங்க்ஃபர்ட்டை ஓர் ஆட்டத்தில் 5-0 என்றும், பேயர் லெவர்குசனை 3-0 என்றும் வென்றது. இரண்டும் ஜெர்மன் கிளப்புகள் என்பதைக் கவனியுங்கள். அரையிறுதியில் ரோமா அணியிடம் கடைசி நேர கோலில்தான் வீழ்ந்தார்கள். அந்த புரோண்ட்பியில் கோல்கீப்பர் பீட்டர் ஷ்மைக்கேல். அவருக்கு முன்னால் லார்ஸ் ஓல்சன், கிம் கிறிஸ்டோஃப்டே. நடுவில் ஜான் யென்சன், கிம் வில்ஃபோர்ட். 1992 யூரோ இறுதிப்போட்டியில் டென்மார்க்கின் முதுகெலும்பு இதே ஐந்து பேர்தான். நாட்டுக்காக முகாமில் பத்து நாள்தான் கிடைத்தது, ஆனால் ஒருவர் எங்கே நிற்பார், எங்கே ஓடுவார் என்பது மற்றவருக்கு வருடக்கணக்காகத் தெரியும்.

முதல் ஆட்டம் இங்கிலாந்தோடு, மால்மோ நகரில். மால்மோவும் கோபன்ஹேகனும் ஒரு குறுகிய கடல்நீரிணையின் இரு கரைகள். இன்றைக்கு இருக்கும் பெரிய பாலம் அப்போது கிடையாது, படகில் கடந்து ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். டென்மார்க் ரசிகர்களுக்கு 'ரோலிகன்' என்று பெயர், 'ரோலி' என்றால் அவர்கள் மொழியில் அமைதி. ஆட்டம் 0-0. யென்சன் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அடுத்தது ஸ்டாக்ஹோமில் ஸ்வீடனோடு, புரோலின் கோலில் 1-0 என்று தோல்வி. இரண்டு ஆட்டம், ஒரு புள்ளி, ஒரு கோல்கூட இல்லை. வழக்கம்போல வீட்டுக்குக் கிளம்ப வேண்டிய நிலை.

மூன்றாவது ஆட்டம் பிரான்ஸோடு. பயிற்சியாளர் பிளாட்டினி, முன்வரிசையில் பாப்பான், கான்டோனா. தகுதிச்சுற்றில் 8 ஆட்டத்தையும் வென்று வந்த அணி. ஹென்ரிக் லார்சன் எட்டாவது நிமிடத்தில் கோல் அடித்தார், இடைவேளைக்குப் பிறகு பாப்பான் சமன் செய்தார், 78-ஆவது நிமிடத்தில் மாற்று வீரராக வந்த லார்ஸ் எல்ஸ்ட்ரப் வெற்றி கோலைப் போட்டார். 2-1. அதே நேரத்தில் ஸ்டாக்ஹோமில் ஸ்வீடன் இங்கிலாந்தை 2-1 என்று வென்றது. டென்மார்க் அரையிறுதிக்குள் வந்தது.

அந்த ஆட்டத்தில் வில்ஃபோர்ட் இல்லை. ஏழு வயது மகளுக்கு ரத்தப் புற்றுநோய், நிலைமை மோசம் என்று தெரிந்து ஊருக்குத் திரும்பியிருந்தார். பிறகு குடும்பத்தாரே சொல்லி அனுப்பி, அரையிறுதிக்கு மீண்டும் அணியோடு சேர்ந்தார்.

அரையிறுதி நெதர்லாந்தோடு, கோதன்பர்க்கில். அவர்கள் நடப்பு சாம்பியன். ஹுலிட், ரைக்கார்ட், கூமன், வான் பாஸ்டன் எல்லோரும் இருந்தார்கள், கூடவே இளைஞர் பெர்க்காம்ப். சில நாள் முன்புதான் ஜெர்மனியை 3-1 என்று அடித்திருந்தார்கள். டென்மார்க் பயப்படவில்லை. லார்சன் 5-ஆவது நிமிடத்தில் ஒன்று, 33-ஆவது நிமிடத்தில் இன்னொன்று அடித்தார். நடுவில் பெர்க்காம்ப் ஒன்று. 2-1 என்று 86-ஆவது நிமிடம் வரை தாக்குப்பிடித்தார்கள், அப்போது ரைக்கார்ட் சமன் செய்துவிட்டார். ஹென்ரிக் ஆண்டர்சன் முழங்கால் சில்லு உடைந்து ஏற்கெனவே வெளியே தூக்கிச் செல்லப்பட்டிருந்தார். மீதிப் பேரில் பலர் நொண்டியபடிதான் கூடுதல் நேரத்தைக் கடந்தார்கள். பெனால்டியில் நெதர்லாந்தின் இரண்டாவது உதையை அடிக்க வந்தவர் வான் பாஸ்டன், 1988 இறுதிப்போட்டியில் அந்த மறக்க முடியாத கோலை அடித்த அதே ஆள். ஷ்மைக்கேல் தன் இடப்பக்கம் பாய்ந்து பந்தைத் தடுத்தார். மற்ற ஒன்பது உதைகளும் கோல். வில்ஃபோர்ட் நான்காவதாக வந்து அடித்தார். கடைசியாகக் கிறிஸ்டோஃப்டே, ஓடி வருவதற்கு இடம்கூட எடுத்துக்கொள்ளாமல் இரண்டே அடி வைத்து நிதானமாகப் பந்தை மூலையில் சேர்த்தார். 5-4.

ஜூன் 26, கோதன்பர்க்கின் உல்லேவி மைதானம், எதிரே ஜெர்மனி. 1990 உலக சாம்பியன். கிழக்கும் மேற்கும் ஒன்றான பிறகு ஆடிய முதல் பெரிய தொடர் அது. அவர்களுக்கு ஒரு நாள் கூடுதல் ஓய்வு, அரையிறுதியில் கூடுதல் நேரமும் ஆட வேண்டியிருக்கவில்லை. தொடக்கத்தில் ஜெர்மனிதான் அழுத்தியது. 18-ஆவது நிமிடத்தில் வலப்பக்கத்திலிருந்து போவ்ல்சன் பின்னோக்கித் தள்ளிய பந்தை யென்சன் பெட்டியின் விளிம்பிலிருந்து ஓங்கி உதைத்தார், மேல்வலை அதிர்ந்தது. யென்சன் கோல் அடிப்பவர் என்று பெயர் எடுத்தவரே இல்லை. அந்த ஒரு கோலைப் பார்த்துவிட்டு இங்கிலாந்தின் ஆர்சனல் கிளப் அவரை வாங்கியது என்று சொல்வார்கள், அங்கே நான்கு பருவத்தில் அவர் அடித்தது ஒரே ஒரு கோல்.

பிறகு ஒரு மணி நேரம் ஷ்மைக்கேலின் ஆட்டம். கிளின்ஸ்மன் தலையால் முட்டியதை விரல்நுனியால் மேலே தட்டிவிட்டாரே, அதை மட்டும் தனியாகத் தேடிப் பாருங்கள். 78-ஆவது நிமிடத்தில் வில்ஃபோர்ட், பெட்டியின் விளிம்பில் இருவருக்கு நடுவே உடலைத் திருப்பி இடது காலால் அடித்தார். பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போனது. பந்து கையில் பட்டது என்று ஜெர்மானியர்கள் முறையிட்டார்கள், நடுவர் கோல் கொடுத்தார். 2-0. சில வாரங்களில் வில்ஃபோர்ட்டின் மகள் இறந்துபோனாள். டென்மார்க்கில் அந்தக் கோலை இது தெரியாமல் யாரும் நினைவுகூர்வதில்லை.

டென்மார்க் நேரம் கடத்தித்தான் வென்றது, அவர்களால்தான் பேக் பாஸ் விதியே வந்தது என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. இதில் பாதி சரி. தன் அணி வீரர் காலால் திருப்பித் தரும் பந்தைக் கோல்கீப்பர் கையில் எடுக்கலாம் என்பது அன்றைய விதி. டென்மார்க் அதை நன்றாகவே பயன்படுத்தியது, இறுதிப்போட்டியை முழுசாகப் பார்த்தால் ஷ்மைக்கேலுக்குப் பந்து எத்தனை முறை திரும்பிப் போகிறது என்று தெரியும். ஆனால் விதியை மாற்றத் தூண்டியது 1990 உலகக் கோப்பையின் மந்தமான ஆட்டங்கள். 1992 கோடையிலேயே அப்படிக் கையில் எடுப்பதைத் தடுக்கும் புதிய விதி நடைமுறைக்கு வந்து, அடுத்த மாதம் பார்சிலோனா ஒலிம்பிக்கிலேயே அதன்படி ஆடினார்கள். யூரோ 1992 பழைய விதியில் நடந்த கடைசிப் பெரிய தொடர், அவ்வளவுதான். அந்த விதி எல்லா அணிக்கும் பொதுவாகத்தான் இருந்தது.

அதிர்ஷ்டம் இல்லையா? இருந்தது, மறுக்க மாட்டேன். பெனால்டியைக் கணக்கில் சேர்க்காவிட்டால் 5 ஆட்டத்தில் வென்றது இரண்டே இரண்டு, அடித்தது 6 கோல், விட்டது 4. இன்றைய முறையில் கோப்பைக்கு 7 ஆட்டம் ஆட வேண்டும். மாற்று ஆட்கள் குறைவான, காயத்தால் தேய்ந்துகொண்டே போன அந்த அணி இன்னும் இரண்டு ஆட்டம் தாங்கியிருக்குமா என்பது சந்தேகம்தான். எதிர்பார்ப்பின் பாரம் இல்லாததும் உதவியது. தோற்றாலும் யாரும் கேட்க மாட்டார்கள், அழைக்கப்பட்டதே மீதி இடத்துக்கு. 2004-இல் கிரீஸ் வென்றதை இதோடு ஒப்பிடுவார்கள். எதிரணியைக் கட்டிப்போடும் ஒழுங்கு இருவருக்கும் பொதுவானதுதான், ஆனால் பயிற்சியாளர் ரெஹாகலின் கிரீஸ் தகுதி பெற்று, தயாராகி வந்தது. டென்மார்க்குக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

இடையில் ஒரு அரசியல் துணுக்கு. அதே ஜூன் 2-இல் டென்மார்க் மக்கள், ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கும் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தைப் பொதுவாக்கெடுப்பில் மயிரிழையில் நிராகரித்திருந்தார்கள். இறுதிப்போட்டி நாளில் லிஸ்பனில் ஐரோப்பியத் தலைவர்களின் கூட்டம். அங்கே போன டென்மார்க் வெளியுறவு அமைச்சர், சேர முடியாவிட்டால் அவர்களை வென்றுவிட வேண்டியதுதான் என்ற பொருளில் பேசினார். மூன்றே வாரத்தில் ஐரோப்பாவுக்கு இல்லை என்று சொல்லி, ஐரோப்பாவின் சாம்பியனும் ஆன நாடு அது.

இனி இப்படி நடக்குமா என்று கேட்பீர்கள். மாற்று அணியாக வருவது நடந்தே இருக்கிறது. 2022-இல் ரஷ்யா தடை செய்யப்பட்டபோது இங்கிலாந்தில் நடந்த பெண்கள் யூரோவில் அந்த இடம் போர்ச்சுகலுக்குப் போனது, பிளே-ஆஃபில் அதே ரஷ்யாவிடம் தோற்றிருந்த அணி. சுவிட்சர்லாந்தோடு 2-2 என்று சமன் செய்தார்கள், நெதர்லாந்திடமும் ஸ்வீடனிடமும் தோற்று முதல் சுற்றோடு வெளியேறினார்கள். மாற்று அணியாக வந்து கோப்பையே வெல்வது எத்தனை அரிது என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது.

போர்ச்சுகலுக்கு அந்த இடம் அறிவிக்கப்பட்ட நாள் 2022 மே 2. அதற்கு முந்தைய நாள்தான், ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில், 80 வயதில், யூகோஸ்லாவியாவின் அந்தப் பயிற்சியாளர் இவிச்சா ஓசிம் இறந்திருந்தார்.